இல்லாத கப்பலுக்குக் காலுறை

மூழ்கிப்போன கப்பலுக்குக் காலுறை பின்னிக்கொண்டிருந்தோம். அந்தத் தேவாலயக் கூடத்தில் எனக்கு மட்டும்தான் அது தெரியும் என்று நினைத்திருந்தேன்.

'தோர்ன்டேல்', இரண்டாம் உலகப் போரில் இங்கிலாந்தின் எங்கள் மில் ஊர் காசு திரட்டித் தத்தெடுத்த நாசகாரிப் போர்க்கப்பல். அதன் மாலுமிகளுக்குக் காலுறை பின்னி அனுப்புவது ஊர்ப் பெண்களின் வேலை. அட்லாண்டிக்கில் சரக்குக் கப்பல்களுக்குக் காவலாகப் போய் வந்தது. என் கணவர் வில்ஃப் அதன் கொதிகலன் அறையில் வேலை பார்த்தார். ஜெர்மன் நீர்மூழ்கி விட்ட டார்பிடோ நேராக அந்த அறையில்தான் பாய்ந்தது.

செய்தி சொல்ல வந்த கடற்படை அதிகாரி உட்காரக்கூட இல்லை. "எதிரிக்குத் தெரியக் கூடாதும்மா. வெளியில மூச்சு விடாதீங்க. டோரா வீட்டுக்கு இன்னும் தகவல் போகல, அவங்ககிட்டயும் சொல்லிடாதீங்க" என்றான். டோராவின் கணவன் லென்னும் அதே கப்பலில்தான் இருந்தான். என் புருஷனுக்கு நான் வாய்விட்டு அழவும் அரசாங்கம் அனுமதி தர வேண்டுமாம்! துக்கத்துக்குக் கறுப்புத் துணி உடுத்தவும் வழியில்லை.

ஒவ்வொரு செவ்வாயும் தேவாலயக் கூடத்தில் டோரா என் பக்கத்திலேயே உட்காருவாள். "எங்க லென்னுக்குப் பாதம் இல்லடி, படகு! இன்னும் பத்து வரிசை போடணும்" என்று சிரிப்பாள். பாவி, தெரியாமல் சிரிக்கிறாளே என்று தலையைக் குனிந்து பின்னுவேன்.

அன்று மேயரின் மனைவி திருமதி ஆஷ்வொர்த் என் பாதிக் காலுறையைத் தூக்கிக் காட்டினாள்.

"ஏம்மா ஆக்னஸ், உன் புருஷன் கப்பலுக்குத்தானே பின்னுறோம்? உனக்கே அக்கறை இல்லையா? அந்தப் பிள்ளைங்க குளிர்ல நடுங்குதுங்க!"

சொல்லிவிட்டுத் தேநீரில் இரண்டாவது கரண்டி சர்க்கரையைப் போட்டுக் கலக்கினாள். ரேஷன் காலத்தில் இரண்டு கரண்டி! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"யார் காலுக்கும்மா போடப் போறீங்க? கப்பல் கடலுக்கடியில கிடக்கு! என் வில்ஃப் செத்துட்டாரு. நீங்க கலக்குறீங்களே, அந்தச் சர்க்கரைக்குக் காவல் போய்த்தான் செத்தாரு!"

"உஷ்! சுவருக்கும் காது இருக்கு!" என்று பதறினாள் மேயரின் மனைவி.

"இருந்தா நல்லாக் கேக்கட்டும்!"

அப்புறம்தான் டோராவின் நினைவு வந்தது. ஐயோ, என்ன காரியம் செய்தேன் என்று திரும்பினேன். அவள் ஊசிகள் நின்றிருந்தன. முகத்தில் அதிர்ச்சியே இல்லை.

"எனக்கும் அதே ஆள்தான்டி வந்தான். உனக்கு இன்னும் தெரியாதுன்னான். மூணு வாரமா உனக்காகத்தான் சிரிச்சுக்கிட்டிருந்தேன்" என்றாள்.

"யாராவது கதவைச் சாத்துங்க!" என்று கத்தினாள் திருமதி ஆஷ்வொர்த்.

டோரா எழுந்து போய் இரண்டு கதவுகளையும் விரியத் திறந்தாள். தெருவுக்கே கேட்கும்படி இருவரும் அழுதோம்.