கூடம் வழியாக நேராகச் செல்லவும்

காலை ஐந்தே முக்காலுக்கு, வாயில் பிரஷ்ஷோடு மீட்டர் தன் வீட்டுக் கூடத்துக்கு வந்தபோது, அங்கே ஒரு ரொட்டிக்காரர் சைக்கிளோடு நின்றுகொண்டிருந்தார். முன்சக்கரம் சோபாவைத் தொட்டுக்கொண்டிருந்தது. கைப்பிடியில் மாட்டியிருந்த போன், "முப்பது மீட்டருக்கு நேராகச் செல்லவும்" என்றது. ரொட்டிக்காரர் சமையலறையை ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டு, மரியாதையாக மணியை ஒருமுறை அடித்தார்.

"கொஞ்சம் வழி விடுறீங்களா சார்? ரொட்டி ஆறிடும்."

வாயில் நுரை இருக்கும்போது மனிதனால் சட்டம் பேச முடியாது. மீட்டர் ஒதுங்கினார். ரொட்டிக்காரர் அடுப்பைத் தாண்டி, பின்கதவைத் திறந்துகொண்டு, சந்தில் இறங்கிப் போயே போய்விட்டார். பின்னாலேயே இரண்டு நர்சுகளும் ஏணி கட்டிய சைக்கிளோடு ஒரு பெயிண்டரும் வந்தார்கள்.

மீட்டர் என்பது பட்டப்பெயர். முப்பத்து மூன்று வருஷம் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்தவர். எந்த நாய் குரைக்கும், எந்த நாய் குரைக்காமலே கடிக்கும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஓய்வுபெற்ற பிறகு இந்த ஞானமெல்லாம் சும்மா கிடந்தது. அப்போதுதான் பெரிய ரோட்டில் சைக்கிளுக்குத் தடை போட்டார்கள். மீட்டரின் மனைவிக்கு ஆற்றோர ஆஸ்பத்திரியில், டயாலிசிஸ் பிரிவில் வேலை. ஆறரைக்கு அவள் போய் மெஷின்களைத் தயார் செய்யாவிட்டால், ஏழு பேர் கையை நீட்டிக்கொண்டு காத்துக் கிடப்பார்கள். அந்த நேரத்துக்குப் பஸ் கிடையாது. பெரிய ரோட்டில் சைக்கிளோடு இரண்டு முறை பிடிபட்டாயிற்று. மூன்றாவது முறை சைக்கிளையே பறிமுதல் செய்வோம் என்று சீட்டில் எழுதிக் கையில் கொடுத்துவிட்டார்கள்.

"சட்டப்படி ஒரு வழி இல்லாமலா போயிடும்? நான் கண்டுபிடிக்கிறேன்" என்று மீட்டர் கிளம்பினார். யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய வரைபடம் ஒன்று உண்டே, அதில் சேர்ந்தார். சட்டைப் பையில் போனைப் போட்டு, போகிற தடத்தைப் பதிவு செய்யச் சொல்லிவிட்டு, நாலு மாதம் சந்து சந்தாக மிதித்தார். எது ஒருவழி, எங்கே குழி, எந்த விளக்கு எரியாது, எல்லாவற்றையும் வரைபடத்தில் ஏற்றினார். ஒரு விதியையும் மீறமாட்டார். ஒருவழித் தெருவில் பத்தடி எதிர்த்திசையில் போகவேண்டி வந்தால்கூட இறங்கித் தள்ளிக்கொண்டு போவார். எல்லாம் செய்தும் கடைசியில் ஒரே ஒரு தடை மிஞ்சியது. சுவரோடு சுவர் ஒட்டிய ஒரு நீள வீட்டு வரிசை, ஊருக்கும் ஆற்றோரத் தெருவுக்கும் நடுவில் மல்லாந்து கிடந்தது. நடுவே ஒரு பூனை போகிற சந்துகூட இல்லை. அந்த வரிசையில்தான் மீட்டரின் வீடும் இருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை அலுத்துப்போய் வீடு திரும்பியவர், பதிவை நிறுத்த மறந்துவிட்டார். சட்டைப் பையில் போன் கிடக்க, குப்பை வாளியை எடுத்துக்கொண்டு பின்கதவு வழியாகச் சந்தில் இறங்கி, ஆற்றோரத் தெருத் தொட்டியில் கொட்டிவிட்டு வந்தார். மறுநாள் அதைக் கவனிக்காமல் மொத்தத் தடத்தையும் ஏற்றி, 'சைக்கிளுக்கு அனுமதி உண்டு' என்று குறித்தும் விட்டார். கோடு கொஞ்சம் கோணி, பக்கத்து வீட்டுக் குளியலறையைத் தொட்டுத் திரும்பியிருந்தது. மற்றபடி சுத்தமான வேலை. இருபத்தாறு வருஷமாக அந்தப் பின்கதவு வழியாகக் குப்பை மட்டும்தான் வெளியே போயிருந்தது. மனிதர்கள் வேலைக்குப் போவது முன்வாசல் வழியாக என்று யார் விதி செய்தார்களோ, அதையும் மீட்டர் மீறியதில்லை.

வாயைக் கொப்பளித்துவிட்டுக் கணினியைத் திறந்தார்.

"என்ன பண்றீங்க?" என்றாள் மனைவி. வாசலில் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தவள், துணியோடு உள்ளே வந்திருந்தாள்.

"அழிக்கிறேன். வீடு எப்படிம்மா ரோடாகும்?"

"நாலு மாசமா ஊரெல்லாம் தேடினீங்களே, வீட்டுக்குள்ள தேடினீங்களா?"

"நீ தேடினியா?"

"நான் வேலைக்குப் போயிட்டிருந்தேன்."

சைக்கிளை உள்ளே இழுத்து, கூடத்தைக் கடந்து, அடுப்பை உரசாமல் வளைத்து, போய்விட்டாள். ஒன்பது நிமிஷத்தில் ஆஸ்பத்திரி. மெஷின்களைத் தொடும் முன் உட்கார்ந்து ஒரு காபி குடித்தாளாம், மாதக்கணக்கில் முதல் தடவையாக. மத்தியானம் வந்து சொன்னாள்: "அதை அழிக்கக் கூடாது. இருக்கட்டும். எங்க வார்டுலயே இந்தப் பக்கத்து ஆளுங்க ஆறு பேர் இருக்கோம்."

இருந்தது. மூன்றாவது வாரத்தில் ஒரு காலைக்கு அறுபத்தொரு சைக்கிள். கூடத்தில் ரப்பர் விரிப்பு போட்டார்கள். சமையலறை நிலையில், 'பால் பொங்கும்போது நிற்கவும்' என்று பலகை தொங்கியது. சைக்கிள்கள் கிளப்பிய காற்றிலேயே கொடித்துணி காய்ந்தது. புருஷன் பெண்டாட்டி சண்டை போட இரண்டு மணிச்சத்தத்துக்கு நடுவே இடைவெளி கிடைக்கவில்லை. வீட்டுப் பூனை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் கூடத்தைக் கடந்தது.

நாலாவது வாரம் சாலைத்துறை அதிகாரி கோப்போடு வந்தார். உட்காரும் முன் இரண்டு சைக்கிளுக்கு ஒதுங்கவேண்டி வந்ததால் வரும்போதே சூடாக இருந்தார்.

"இது வீடா, பாதையா சார்?"

"காலையில பாதை. மத்தியானம் வீடு."

"பின்சந்து எங்க துறையோட நிலம். அதுல கதவு வைக்க உங்களுக்கு அனுமதி இல்லை. வெள்ளிக்கிழமை காலையில கொத்தனார் வருவார். செங்கல் வெச்சு அடைச்சிடுவோம்." நோட்டீஸை நீட்டினார்.

முப்பத்து மூன்று வருஷத்தில் மீட்டர் எத்தனையோ வீட்டுக்கு நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார். வாங்கியதில்லை. மூன்று முறை படித்தார். மனைவி அதை அவர் கையிலிருந்து எடுத்துக்கொண்டாள்.

"பெரிய ரோட்டுலயும் விடமாட்டீங்க. என் வீட்டுக்குள்ளயும் விடமாட்டீங்க. நான் என்ன, பறந்தா வேலைக்குப் போறது?"

"பறக்கிறதுக்கு வேற துறைம்மா."

"சரி. கதவுக்குத்தானே அனுமதி இல்லை?"

"கதவுக்குத்தான்."

"அதை இதுலயே எழுதிக் கொடுங்க."

அதிகாரி எழுதிக் கொடுத்தார். அவரும் விதிப்படி நடக்கிறவர்தான்.

வியாழக்கிழமை சாயங்காலம் அவள் ஸ்க்ரூ டிரைவரோடு பின்கதவுக்கு முன்னால் போய் நின்றாள். மீட்டர் சற்று நேரம் பார்த்தார். பெரிய ரோட்டில் பிடிபட்ட இரண்டு சீட்டுகளும் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தன, அவற்றையும் பார்த்தார்.

"தள்ளு. மேல் கீல் உனக்கு எட்டாது" என்றார்.

கதவைக் கழற்றிச் சந்துப் படிமேல் சரிவாகப் போட்டார்கள். மீட்டர் அதன்மேல் ஏறி இறங்கிப் பார்த்தார். குலுங்கவில்லை. உட்கார்ந்து வரைபடத்தைத் திருத்தினார்: 'கதவு இல்லை. சாய்தளம் உண்டு.' பக்கத்து வீட்டுக் குளியலறைப் பக்கம் கோணியிருந்த கோட்டையும் அன்றைக்கே நேராக்கினார்.

வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கே அதிகாரி சந்தில் வந்து நின்று, கோப்பைப் பார்ப்பதும் சுவரைப் பார்ப்பதுமாக இருந்தார்.

"கதவு எங்கே?"

"நீங்க அது மேலதான் நிக்கிறீங்க" என்றார் மீட்டர்.

அதிகாரி குனிந்தார். ஷூவுக்குப் பக்கத்தில் தாழ்ப்பாள் இருந்தது. நகரவில்லை. "ஓட்டையை அடைக்க முடியாதா என்ன? கொத்தனார் வரட்டும்" என்று போனை எடுத்தார்.

"வந்துட்டே இருக்கேன் சார்" என்று சந்துக்கே கேட்கிற குரலில் கொத்தனார் போனில் கத்தினார். "பெரிய ரோட்டுல சைக்கிள விடமாட்டேங்கறாங்க. போன் ஏதோ வழி காட்டுது. கிட்ட வந்துட்டேன்."

கூடத்தில் மணிச்சத்தம் கேட்டது. பூனை நின்று, இரண்டு பக்கமும் பார்த்தது. கேரியர் நிறையச் செங்கல்லும் கைப்பிடியில் கரண்டிப் பையுமாக ஒரு சைக்கிள் ரப்பர் விரிப்பில் உருண்டு, சமையலறைக்குள் நுழைந்து, கதவில்லாத நிலைக்கு நடுவே வந்து நின்றது. அதற்குப் பின்னால் சீருடையில், சைக்கிளில், மனைவி. அவளுக்குப் பின்னால் ரொட்டிக்காரர், நர்சுகள், ஏணி, வாசல் வரைக்கும் வரிசை. சுவர்க் கடிகாரத்தில் மணி ஆறு பத்து.

"நேராகச் செல்லவும்" என்றது கொத்தனாரின் போன்.

கொத்தனார் ஒரு காலை அடுப்போரம் ஊன்றிக்கொண்டு, கதவின்மேல் நின்ற அதிகாரியைப் பார்த்தார். பிறகு, மரியாதையாக, மணியை ஒருமுறை அடித்தார்.