பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் உள்ள மலை

இந்த வருடம் பேரிடர் மாநாட்டுக்கு நாமோவா தீவு நேரிலேயே வந்திருந்தது. சின்னத் தீவுதான். மூன்றாம் வரிசையில் ஒரு நாற்காலி போதுமாக இருந்தது. பக்கத்து நாற்காலிக்காரர்கள் மட்டும் பேண்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டார்கள்.

தீவின் ஜனங்கள் முந்நூற்றுப் பன்னிரண்டு பேரும் கூடவே வந்திருந்தார்கள். தரைக்கு மேலே ஆள் உயரத்தில், அந்தரத்தில் நின்றார்கள். பதினேழு நாட்டுப் பிரதிநிதிகளும் அதைப் பார்த்துத் தலையாட்டிக் குறிப்பெடுத்தார்கள். செண்பகராமன் மட்டும் மேஜைக்கடியில் பேனாவைத் தேடுவதுபோல் குனிந்தே இருந்தான். பேனா அவன் சட்டைப்பையில்தான் இருந்தது.

நாமோவாவின் பேரிடர்த் திட்டத்தை எழுதியவன் அவன். எழுதினான் என்பது ஒரு மரியாதைக்குச் சொல்வது. அவன் ஆபீசில் யாரும் திட்டம் எழுதுவதில்லை. போன தீவின் திட்டத்தை எடுத்து, பெயரை மாற்றி, அட்டைப்படத்தை மாற்றி அனுப்புவார்கள். சுத்த ஈயடிச்சான் காப்பி. போன தீவில் மலை இருந்தது. நாமோவாவில் மிக உயரமான இடம் தபால்பெட்டியின் தலை. ஆனாலும் பதினான்காம் பக்கம், 'சங்கு ஊதியதும் அனைவரும் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் உள்ள மலையில் ஏறவும்' என்றே போய்விட்டது.

புயல் வந்தது. சங்கு ஊதினார்கள். ஜனங்கள் மலையில் ஏறினார்கள். இறங்குவதைப் பற்றித் திட்டத்தில் ஒன்றும் இல்லாததால் அங்கேயே நிற்கிறார்கள்.

காதில் மாட்டும் மொழிபெயர்ப்புக் கருவிக்கு ஒரு படிவம் இருந்தது. அதில் மொழி என்ற இடத்தில் அவன் திருநெல்வேலி என்று எழுதிவிட்டான். அதனால் மரேவா பேசியது அப்படித்தான் காதில் விழுந்தது. மரேவா தீவின் ஒரே நர்ஸ். ஜனங்களுக்கு முன்னால் நின்றாள்.

"எய்யா, நீங்கதான அந்தத் திட்டத்த எழுதுனிய?"

"ஆமா."

"நல்லா இருக்கணும்யா. ஒரு ஆளு கொறையாம உசுரோட இருக்கோம்."

அவனுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

"இப்பிடி ஒரு மல இருக்குன்னு எங்களுக்கே தெரியாது. படிச்சவங்க சும்மாவா எழுதுவாங்கன்னு ஏறிட்டோம்."

"அம்மா, அந்த மலை…" என்று ஆரம்பித்தான்.

முந்நூற்றுப் பன்னிரண்டு பேரும் ஒரு சாண் கீழே இறங்கினார்கள். ஒரு கைக்குழந்தை வீறிட்டது. செண்பகராமன் வாயை மூடிக்கொண்டான்.

"மண்ணு இளகியிருக்கும்," என்றாள் மரேவா. "மலையப் பத்தி என்னமோ சொல்ல வந்தியளே?"

"நல்ல மலை," என்றான்.

எல்லாரும் அந்த ஒரு சாணைத் திரும்ப ஏறிக்கொண்டார்கள்.

தலைவர் மணியடித்தார். நாமோவா மலையை இன்னும் பதினோரு தீவுகளுக்கு விரிவுபடுத்தும் தீர்மானம் வாசிக்கப்பட்டது. செண்பகராமனைக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். எல்லாரும் கைதட்டினார்கள். ஒவ்வொரு தட்டுக்கும் அரங்கில் தண்ணீர் ஒரு விரற்கடை ஏறியது. யாராவது எழுந்து நன்றாக நாலு திட்டு திட்டினால் தேவலை என்றிருந்தது அவனுக்கு. ஒருவரும் திட்டவில்லை. தீவு ஜனங்கள்தான் எல்லாரையும்விடப் பலமாகக் கைதட்டினார்கள்.

தண்ணீர் இடுப்புக்கு வந்ததும் தலைவர் பதினான்காம் பக்கத்தைப் புரட்டிப் படித்தார். சங்கு ஊதியது. பதினேழு நாட்டுக்காரர்களும் அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி வரிசையாக மலையேறினார்கள். ஒருவருக்கும் கால் இடறவில்லை. தலைவருக்குக் கொஞ்சம் மூச்சு வாங்கியது.

செண்பகராமனும் காலைத் தூக்கி வைத்தான். கால் தண்ணீருக்குள் போயிற்று. மறுகாலை வைத்தான். அதுவும் போயிற்று. அத்தனை பேரிலும் மலை இல்லை என்று தெரிந்தவன் அவன் ஒருவன்தான்.

தண்ணீர் கழுத்துக்கு வந்தது. மேலே ஜனங்கள் நெருங்கி நின்று அவனுக்கு ஓரிடம் ஒதுக்கினார்கள். மரேவா குனிந்து கையை நீட்டினாள்.

"ஏறுங்கய்யா. நீங்க குடுத்த மலதான, இதுல என்ன கூச்சம்?"

அவன் அந்தக் கையைப் பார்த்தான். பிடித்தால் தூக்கிவிடுவாள். தூக்கும்போது அவன் காலுக்கடியில் ஒன்றுமில்லாததைப் பார்த்துவிடுவாள். அவளுக்குப் பின்னால் கைக்குழந்தை தூங்கிவிட்டிருந்தது. வெட்கத்தில் அவனுக்குக் காது சுட்டது. தண்ணீருக்கு மேல் தாடையைத் தூக்கிக்கொண்டான்.

"நீங்க நல்லா காலூணி நில்லுங்கம்மா," என்றான். "நான் பின்னாலயே வாரேன்."