நாலு கம்பிக் கிடாரும் நல்லகாமன் வீட்டு பீரோவும்

ராஜாராம் அண்ணனின் மெல்லிசைக் குழுவில் நான் வாசித்துக்கொண்டிருந்த பேஸ் கிடார் வாடகைக்கு எடுத்தது. எழுபத்தொன்பதாம் வருஷம் ஆவணியில் அதன் சொந்தக்காரர் திருச்சிக்குக் குடிபோனார். கிடாரும் அவருடன் போய்விட்டது.

"ஞாயித்துக்கிழமை மேலூர்ல கல்யாணக் கச்சேரி," என்றார் அண்ணன். "அதுக்குள்ள சொந்தமா ஒண்ணு வாங்கிரு. வாங்குனா மட்டும் பத்தாது இருளா, நல்லா இருக்கணும். இல்லேன்னா திண்டுக்கல் பாலசுந்தரத்தைச் சேத்துக்கிருவேன். அவன்கிட்ட சிங்கப்பூர் கிடார் இருக்கு."

நான் சரியென்று தலையாட்டினேன். குழுவில் இருந்த மற்ற வாத்தியங்கள் எல்லாம் ஓயாமல் பேசக்கூடியவை. ஒன்றைச் சொல்லிவிட்டு அடுத்ததைச் சொல்வதற்கு முன் நிதானமாக யோசிக்கும் வாத்தியம் பேஸ் கிடார் ஒன்றுதான். அந்த இடம் போனால் எனக்கு வேறு போக்கிடம் கிடையாது.

கீழவாசல் பக்கம் வீரணனின் பழைய சாமான் கடையில், இறக்கை இல்லாத ஒரு மின்விசிறிக்குப் பின்னால் அது நின்றுகொண்டிருந்தது. யாரோ அதற்கு லாரிக்கு அடிக்கும் பச்சைப் பெயிண்டை அடித்திருந்தார்கள். முதுகில் மஞ்சளில் 'முனியாண்டி துணை' என்று எழுதியிருந்தது.

"எம்புட்டுண்ணே?"

"நூத்தம்பது. ஆனா பொய் சொல்ல மாட்டேன் தம்பி. ரெண்டு கம்பி போயிருச்சு. ஆறுக்கு நாலுதான் இருக்கு."

பேஸ் கிடாருக்கு நாலு கம்பிதான். அதை எப்படிச் சொன்னால் அவர் மனம் கோணாது என்று யோசித்தேன். எனக்கு யோசிக்க நேரமாகும்.

"சரி, நூத்தி முப்பது," என்றார் வீரணன்.

இன்னும் கொஞ்சம் யோசித்தேன்.

"நூத்தி இருபது. என்னப்பா இப்படிப் பாக்குற?"

"இதுக்கு நாலு கம்பிதாண்ணே," என்றேன் கடைசியில்.

அவர் கண் கலங்கிவிட்டது. "என் மனசு நோகக் கூடாதுன்னு சொல்ற பாத்தியா! நூத்திப் பத்து குடு, எடுத்துக்க."

நான் உடனே எடுத்துக்கொள்ளவில்லை. கடையில் கரண்டில் வைத்துக் கேட்டுப் பார்க்க வழியில்லை. அதனால் கிடாரின் தலைப்பக்கத்தைப் பல்லால் கடித்துக்கொண்டு, தடித்த கம்பியை ஒருமுறை சுண்டினேன். ஒலி மரத்தின் வழியாக ஏறிப் பல்லுக்கு வந்து, பல்லிலிருந்து மண்டைக்குப் போய், அங்கே உட்கார்ந்துகொண்டது. மனதுக்குள் எண்ணினேன். பதினான்கு வரை இருந்தது. அது போன பிறகும் நான் வாயை எடுக்கவில்லை. போன இடம் அவ்வளவு நன்றாக இருந்தது.

"ஏப்பா, கரும்பா அது? கடிச்சுப் பாத்து வாங்குற?" என்றார் வீரணன், நூற்றுப்பத்தை எண்ணி வாங்கிக்கொண்டு.

ஞாயிற்றுக்கிழமை காலை தாலி கட்டி முடிந்ததும் கச்சேரி தொடங்கியது. பெண்ணின் அப்பா நல்லகாமன் வாசலை அடைத்துப் பந்தல் போட்டிருந்தார். பாடகருக்கும் ஆர்மோனியத்துக்கும் பந்தலுக்குள் பெட்டி ஸ்பீக்கர் இருந்தது. மைக் செட்டுக்காரர் எனக்கு மட்டும் வேப்பமரத்தில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கரில் இணைப்புக் கொடுத்தார். குழாய் என் கிடாரைக் கொசுவாக மாற்றி ஊருக்கு அனுப்பியது.

மூன்றாவது பாட்டு முடிந்ததும் அண்ணன் என் பக்கம் குனிந்தார். "நீ வாசிக்கிறியா, இல்ல சும்மா தடவிக்கிட்டு நிக்கிறியா?"

"வாசிக்கிறேண்ணே."

"நூத்திப் பத்து ரூவாய்க்கு இம்புட்டுத்தான் வரும். அந்தா பாரு, பாலசுந்தரம் வந்திருக்கான். சாப்பிட்டு முடிச்சதும் மேடைக்கு வரச் சொல்லியிருக்கேன்."

பந்தலின் மறுபக்கம் முதல் பந்தி நடந்துகொண்டிருந்தது. பாலசுந்தரத்தின் இலையில் அப்போதுதான் சாம்பார் ஊற்றியிருந்தார்கள். சிங்கப்பூர் கிடார் கறுப்புப் பெட்டிக்குள் அவர் பக்கத்தில் படுத்திருந்தது. எனக்கு ரசம், பாயசம், மோர் வரை அவகாசம் இருந்தது.

மேடையின் ஒரு பாதி முழுக்கச் சீர்வரிசை. அண்டா, குத்துவிளக்கு, கட்டில், எல்லாவற்றுக்கும் பின்னால் நீல நிறத்தில் புது இரும்பு பீரோ. டிரம்ஸ் அடிக்கும் காளை குச்சியை ஓங்கினால் என் காதில் படும் அளவுக்குத்தான் இடம். நான்காவது பாட்டில் அவன் உற்சாகமாகிவிட்டான். நான் பின்னால் நகர்ந்தேன். கிடாரின் தலை பீரோ கதவில் போய்ப் பதிந்தது. அதே நேரம் தடித்த கம்பியை மீட்டினேன்.

தொம்ம்ம்ம்.

பந்தல் கால் வரை அதிர்ந்தது. முன்வரிசையில் இருந்தவர்கள் வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். அழுதுகொண்டிருந்த குழந்தை ஒன்று நிறுத்திவிட்டு மேடையைப் பார்த்தது.

மாப்பிள்ளையின் அம்மா சோணையம்மாள் நாற்காலியை விட்டு எழுந்தார். "அண்ணே, பீரோவுக்குள்ள ஆரு?"

"ஆருமில்லையே தங்கச்சி," என்றார் நல்லகாமன்.

"அப்ப உள்ளேருந்து இடிக்கிறது ஆரு?"

பாட்டு நின்றது. நல்லகாமன் மடியிலிருந்து சாவியை எடுத்துத் திறந்தார். உள்ளே இரண்டு பட்டுப்புடவையும் ஒரு பாச்சா உருண்டைப் பொட்டலமும் இருந்தன. சோணையம்மாள் புடவைகளுக்குப் பின்னாலும் கையை விட்டுப் பார்த்தார்.

"இந்தக் கிடார்தான் ஆத்தா," என்றேன்.

"எங்க, இன்னொருக்கா அடி."

கதவைச் சாத்தி, அதில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். அந்த வீட்டுப் பெண்கள் சீர்ப் பாத்திரம் ஒவ்வொன்றையும் விரல் முட்டியால் தட்டி, காதைக் கொடுத்துக் கேட்ட பிறகுதான் ஒப்புக்கொள்வார்கள் என்று பிறகு தெரிந்தது. காலையில் பீரோ முறை வந்தபோது மேளச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லையாம். நான் மீட்டினேன்.

"கனத்த தகடுதான்," என்றார் சோணையம்மாள். "தகரம்னா சலசலங்கும்."

"பின்ன? எம் மகளுக்குத் தகரத்தையா வாங்குவேன்?" நல்லகாமனின் மீசை உயர்ந்தது. கூட்டம் பீரோவைப் பாராட்டியது. பெரியவர் ஒருவர் எங்கே செய்தது என்று விசாரித்துக் குறித்துக்கொண்டார். கிடாரை யாரும் பார்க்கவில்லை.

"பீரோ நல்ல பீரோ," என்று அண்ணனும் சொல்லிவிட்டார். "எந்தக் கிடாரை வச்சாலும் கேக்கும். பாலசுந்தரம், வாங்க."

பாலசுந்தரம் பாயசத்தைப் பாதியில் விட்டுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்தார். பெட்டியைத் திறந்தார். கிடார் கண்ணாடி மாதிரி பளபளத்தது. அதன் தலையை, கீறல் விழாமல் கைக்குட்டை கொடுத்து, பீரோவில் சாய்த்தார்.

"துணியை எடுங்கப்பா," என்றார் சோணையம்மாள். "பானையைத் தட்டுறப்ப துணியச் சுத்தியா தட்டுவாக?"

பாலசுந்தரம் மனமில்லாமல் எடுத்துவிட்டு மீட்டினார்.

டப்.

அவ்வளவுதான். மறுபடி மீட்டினார். டப். யாரோ தொப்பென்று ஒரு மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது.

"இப்ப நீ," என்றார் சோணையம்மாள் என்னிடம்.

பச்சைக் கிடாரைச் சாய்த்து ஒரே ஒருமுறை மீட்டினேன். தொம்ம்ம் என்று எழுந்து பந்தல் முழுக்கப் பரவி, யாரையும் அவசரப்படுத்தாமல் மெல்ல மெல்ல இறங்கியது. அது தீரும் வரை பந்தியில் பரிமாறுபவர்கள்கூட வாளியைத் தூக்கிப் பிடித்தபடி நின்றார்கள்.

"அது அடிச்ச உடனே செத்துப் போச்சு," என்று அண்ணனைப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னார் சோணையம்மாள். "இது நிக்குது. நல்ல வெங்கலமும் இப்படித்தான் நிக்கும். பீரோ ஒண்ணுதான தம்பி? அப்ப வித்தியாசம் எதுல இருக்கு?"

அண்ணன் கிடாரை என்னிடமிருந்து வாங்கி, திருப்பி, முனியாண்டி துணையைப் படித்தார். எனக்குப் பழகிய மௌனம்தான். ஆனால் அடுத்தவர் யோசிக்கும்போது அது இவ்வளவு நீளம் என்று அன்றுதான் தெரிந்தது.

"பாலசுந்தரம், நீங்க போயி பாயசத்தைச் சாப்பிடுங்க," என்றார் ஒருவழியாக. "இருளா, வெள்ளிக்கிழமை பசுமலையில கச்சேரி. அஞ்சு மணிக்கே வந்துரு."

அன்று மதியம் வரை பீரோவில் சாய்ந்தே வாசித்தேன். நீலப் பெயிண்டில் விழுந்த கீறலை நல்லகாமன் வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினார்.

பசுமலைக் கச்சேரிக்கு வெற்றிலை பாக்குடன் முன்பணம் கொடுக்க வந்தவர்களிடம், மேடையில் பீரோ ஒன்று வேண்டும் என்று அண்ணன் சொல்லிவிட்டார். எதற்கென்று அவர்கள் கேட்கவில்லை. பாடகிக்குச் சேலை மாற்ற என்று நினைத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது. பக்கத்து வீட்டிலிருந்து நாலு பேர் தூக்கி வந்து வைத்தார்கள். முதல் பாட்டில் நான் மீட்டினேன். கதவு கடகடவென்று ஆடியது.

கச்சேரி ஏற்பாடு செய்தவர் ஓடிவந்தார். "என்ன சார், கிடார் ரிப்பேரா?"

ராஜாராம் அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது.

"கிடாரைப் பத்திப் பேசாதீங்க சார்," என்றார். "அது அருமையான கிடாரு. பீரோ மட்டம். வேற வீட்டுல கேட்டுப் பாருங்க."