மழுங்கிய மூக்கு

ஹுக்சான் தீவில் துக்க வீட்டுக்கு வருகிறவர்களுக்கு ஊறிப் புளித்த ஹொங்ஓ திருக்கை வைத்தே ஆக வேண்டும். வாயில் வைத்தாலே அதன் நெடி மூக்கை எரித்துக் கண்ணில் நீர் வரவைக்கும். மீனின் மூக்குத் துண்டு, போனவருக்கு மிக நெருங்கியவருக்கு. அந்த மீனைப் பிடித்தே வாழ்ந்த சங்-தேக்கின் சாவில் அது தவறலாமா, கண்ணுங்களா?

அவன் கடைசியாகப் பிடித்த ஹொங்ஓ ஜாடியில், வைக்கோலுக்குள் ஊறிக்கொண்டிருந்தது. மனைவி ஒக்-சிம் அதை அப்படியே கொழுந்தன் தால்-சுவிடம் கொடுத்தாள். துறையில் மீன் அறுக்கும் கடை அவனுடையது.

துண்டுகள் வந்தன. முதல் பந்தியில் ஒருவருக்கும் மூக்கு எரியவில்லை, கண் கலங்கவில்லை. அடுக்களையில் பன்றிக்கறி வேகவைத்துக்கொண்டிருந்த நான் பார்க்க, ஒக்-சிம் ஒரு துண்டை மென்றாள். ஹொங்ஓவில் நறுக்கென்று கடிபடும் குருத்தெலும்பு பல்லுக்குத் தட்டுப்படவே இல்லை. துப்பினாள்.

"தம்பி, மூக்கு எங்க?"

"இப்ப எதுக்கு அண்ணி அது?"

"அவரோட ஒரே படகுல மீன் புடிச்ச கப்-சுல் அண்ணனுக்கு வைக்கணும். கொண்டா."

கிண்ணம் வந்தது. ஹொங்ஓவின் மூக்கு கூராக நீண்டிருக்கும். இதுவோ உருண்டு, மழுங்கி, கட்டைவிரல் அளவு. கான்ஜெமி! அதுவும் திருக்கைதான், ஆனால் சின்ன மீன், பச்சையாகக் காடியும் மிளகாயும் பிசைந்து தின்பது. துக்கத்துக்கு வைப்பதில்லை.

"ரெண்டும் அண்ணன் தம்பி மாதிரிதான அண்ணி. ஊறப்போட்டா யாருக்குத் தெரியப்போவுது?"

"நீயும் அவரும்கூட அண்ணன் தம்பிதான்டா. எவனாவது ரெண்டு பேரையும் ஒண்ணுன்னு சொல்லுவானா? அவரு மீன் எங்க?"

தால்-சு தரையைப் பார்த்தான். "அக்கரை மொக்போ ஓட்டல்காரங்க கேட்டாங்க... சாயங்காலக் கப்பல்ல..."

"அவரு சாவுல ஜனங்களுக்குக் கண்ணீர் வரவைக்கிற மீன்கூட உனக்கு வியாபாரமா? த்தூ!"

துக்க உடையோடு துறைக்கு நடந்தாள். பந்தியில் இருந்தவர்கள் செருப்பைத் தேடிக்கொண்டு பின்னால் ஓடினோம். துறை மேடையில் அந்த மீன் இருந்த பெட்டி ஏற்றத் தயாராக இருந்தது. அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள். கப்பல்காரன் கத்தினான்.

"எந்திரிங்கம்மா, நேரமாச்சு! சரக்கு ஏத்தணும்."

"இது சரக்கில்லப்பா. என் வீட்டுக்காரர் புடிச்ச மீன். ஏத்தணும்னா என்னையும் சேத்து ஏத்து."

கப்பல் ஊதியது. அவள் அசையவில்லை. மறுபடி ஊதிவிட்டுக் கிளம்பியது.

தால்-சு பெட்டியைத் தூக்கக் குனிந்தான்.

"கைய வெச்ச, ஒடச்சிடுவேன்."

கப்-சுல்தான் தோளில் ஏற்றினார். வீடு வரும்வரை அவள் தால்-சுவைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. மீனை அறுக்கக் கத்தியை அவளே தீட்டினாள்.