உப்பும் வாடையும்

நீர்மாலைக்குத் தண்ணீர் எடுக்கப் போனவர்கள் குடங்களோடு தெருமுனை திரும்பிவிட்டார்கள். கொட்டுச் சத்தம் நெருங்கிக்கொண்டிருந்தது. சண்முகசுந்தரியோ புறவாசலில் குத்தவைத்து உட்கார்ந்து ஒரு கண்ணாடிப் பாட்டிலின் மூடியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். புருஷன் செத்துக் கூடத்தில் நாடிக்கட்டோடு கிடக்கிறான், பெண்டாட்டிக்குப் பாட்டிலில் என்ன வேலை என்று கேட்கத் தோன்றும். வேலை இருந்தது. வெற்றிலை போட்டவருக்கு வெற்றிலைப் பையையும், பீடி குடித்தவருக்குப் பீடிக்கட்டையும் பாடையில் வைத்து அனுப்புகிற தெரு அது. காசிராஜனோடு எதை அனுப்புவது என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

மூடி திறந்ததும் வாடை புறவாசலை நிறைத்தது. துவைகல் பக்கம் நின்ற பெண்கள் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்ந்தார்கள். காசிராஜனின் தங்கை பொன்செல்வி, செத்த வீட்டிலுமா இந்தக் கருமாந்திரம் என்று முணுமுணுத்துவிட்டுப் போனாள். பாட்டிலுக்குள் பச்சையும் கறுப்புமாக ரப்பர் புழுக்கள். உப்பும் கூனி இறால் பொடியும் கருவாட்டுத் தூளும் பூண்டும் எண்ணெயில் குழைந்த கூழில் அவை ஊறிக் கிடந்தன. சண்முகசுந்தரியின் மூக்குக்கு அந்த வாடை உறைக்காமல் போய்ப் பல வருஷம் ஆகிறது.

காசிராஜன் நாலு தறி போட்டு ஓட்டியவன். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் தூண்டிலைத் தூக்கிக்கொண்டு விரால் பிடிக்கக் கிளம்பிவிடுவான். கூடவே சேக்காளி முகம்மது சாதிக். துபாயில் இருந்து திரும்பும்போது பெட்டி நிறைய ரப்பர் புழு கொண்டுவந்து, மண்புழு குத்திக்கொண்டிருந்தவனுக்கு இந்தப் பித்தை ஏற்றிவிட்டவன் அவன்தான். நேற்றும் பனவடலிசத்திரம் பக்கத்துக் குளத்தில்தான் நின்றார்கள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவனைச் சாதிக் காரில் அள்ளிப்போட்டு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

சண்முகசுந்தரி ரத வீதிச் சைவ வீட்டுப் பெண். முட்டை உடைத்த கரண்டியைக்கூடக் காணாமல் வளர்ந்தவள். காதலித்துக் கட்டிக்கொண்டபோது, என் வீட்டு அடுப்பில் மீன் ஏறாது என்று காசிராஜன் சத்தியம் செய்தான், காப்பாற்றவும் செய்தான். நாக்கு கேட்டால் பொன்செல்வி வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவான். முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்த அவளுடைய தாய் ஆவுடையம்மாள் அதைக் கேள்விப்பட்டுத்தான் மனம் இறங்கினாள். மகளுக்கு மறுபடியும் அம்மா வீட்டு அடுப்படி கிடைத்தது. செவ்வாய், வெள்ளி என்றால் அவள் அங்கேதான்.

அந்தச் சமயத்தில்தான் காசிராஜன் போனில் ஒரு வெள்ளைக்காரன் பேசிய வீடியோவைக் காட்டினான். ரப்பரில் உப்பையும் வாடையையும் ஏற்றிவிட்டால் மீன் அதை நிசமான இரை என்று நம்பிவிடுமாம். ஒருதரம் கவ்வினால் துப்பாதாம். எனக்குப் பக்குவம் வரவில்லை, நீ அரைத்துத் தாயேன் என்று கெஞ்சினான். முதல் தடவை அரைத்தபோது குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தாள். அன்றைக்குச் சாயந்தரம் அவன் முழங்கை நீள விராலைத் தூக்கிக்காட்டி, "இது உன் கைக்கு வந்த மீனு" என்றான். அந்த ஒரு வார்த்தைக்காக அவள் வாராவாரம் அரைத்தாள்.

புளியைத் தேய்த்தாள், எலுமிச்சைத் தோலைத் தேய்த்தாள். வாடை நகக்கண்ணை விட்டுப் போகவில்லை. ஓர் ஆடித்தபசுத் திருநாள் அன்று அம்மா வீட்டில் தயிர்ச்சட்டியைத் தூக்கியபோது அண்ணன் மனைவி மூக்கைச் சுளித்தாள். ஆவுடையம்மாள் மருமகளை அதட்டவில்லை. மகளைப் பார்த்து, நீ முன்வீட்டில் உட்கார்ந்துகொள் என்று மட்டும் சொன்னாள். யாரோ விருந்தாளிக்குப் போடுவது போல முன்வீட்டில் இலை விழுந்தது. அதன்பின் சண்முகசுந்தரி அந்தப் பக்கம் போகவில்லை. தன் கைக்கு விரால் வருகிறது, அது போதும் என்று ஒரு வீம்பு.

சாதிக்கைப் புறவாசலுக்குக் கூப்பிட்டு அனுப்பினாள். அழுது வீங்கிய கண்களோடு வந்தான். பாட்டிலை நீட்டி, இதில் நாலைந்தை ஒரு துணியில் முடிந்து அவர் கைக்குப் பக்கத்தில் வைத்துவிடுங்கள் என்றாள். சாதிக் கையை நீட்டவில்லை.

"இது வேண்டாம் தங்கச்சி."

"ஏன் அண்ணே?"

"மவுத்து வீட்டுல நின்னுக்கிட்டு பொய் சொல்லக்கூடாது. அவன் இத போட்டதே கெடையாது."

துக்கத்தில் ஏதோ உளறுகிறான் என்றுதான் முதலில் நினைத்தாள். அவன் உளறவில்லை. ஆரம்பத்தில் இருவரும் பரீட்சை வைத்துப் பார்த்தார்களாம். ஒரே கரையில் ஒருத்தன் அவள் ஊறவைத்த புழுவையும், இன்னொருத்தன் பாக்கெட்டில் இருந்து எடுத்த வெறும் புழுவையும் வீசியிருக்கிறார்கள். இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் கடித்தது. விரால் அசைவைப் பார்த்துப் பாய்கிற சாதி, ஆத்திரம் வந்தால் அறுந்த செருப்பைக்கூடக் கவ்வும், அதற்கு உப்பாவது வாடையாவது என்றான் சாதிக். அதற்குப் பிறகு கரையில் இறங்கியதும் அவள் கட்டிக்கொடுத்த பொட்டலத்தை முள்ளுக்காட்டுக்குள் வீசிவிட்டுத்தான் காசிராஜன் தூண்டிலையே பிரிப்பானாம்.

"பெறகு எதுக்கு வாராவாரம் அரைக்கச் சொன்னாரு?"

சாதிக் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்.

"நானும் கேட்டேன். ‘அந்த வாடை அவ கையில இருக்கட்டும்வே. இருந்தாத்தான் அம்மை வீட்டுல அவள வாசலோட நிறுத்துவாங்க. அங்கன போயி ஒட்டிட்டா எனக்குத் திரும்பக் கெடைக்க மாட்டா’ன்னான். ஒன்ன விட்டுருவோமோன்னு பயம் தங்கச்சி அவனுக்கு. எல்லாம் பிரியந்தான்."

பிரியம். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாந்தி எடுத்தபோது தலையைப் பிடித்துக்கொண்டவன் அவன்தான். தயிர்ச்சட்டி விஷயத்தைச் சொல்லி அழுதபோது, அவர்கள் கிடக்கிறார்கள், உனக்கு நான் இருக்கிறேன் என்று முதுகைத் தட்டிக்கொடுத்தவனும் அவன்தான். தட்டிக்கொடுத்த மறுநாளே அடுத்த வாரத்துக்குக் கருவாடு வாங்கி வந்துவிட்டான். இன்னொருத்தி இருந்தாள் என்று சாதிக் சொல்லியிருந்தாலும் சண்டை போட ஒரு ஆளாவது கிடைத்திருப்பாள். இதில் யாரோடு போய்ச் சண்டை போட?

"ஒவ்வொரு வாரமும் எங்கையால காப்பி வாங்கிக் குடிச்சீகளே அண்ணே. ஒரு வார்த்த சொல்லணும்னு தோணலையா?"

அவள் பாட்டிலை அப்படியே சாக்கடையில் கவிழ்த்துவிட்டு எழுந்தாள்.

குளிப்பாட்டி, புதுவேட்டி உடுத்தி, வாய்க்கரிசிக்குக் கூப்பிட்டார்கள். காசிராஜன் நெற்றி நிறையத் திருநீறோடு ஒன்றும் அறியாத பிள்ளை மாதிரி கிடந்தான். இத்தனை வருஷம் ஏமாற்றியவன் முகத்தில் அதற்கு ஒரு அடையாளமாவது இருக்காதா என்று குனிந்து பார்த்தாள். ஒன்றும் இல்லை. நன்றாகத் தூங்கி எழப்போகிறவன் முகம். அழுதுவிடு, அழுதால்தான் ஆறும் என்று பெண்கள் தோளைப் பிடித்து உலுக்கினார்கள். அழுகை வரவில்லை. மற்றவர்கள் போட்ட மாதிரி அவளும் அரிசியைப் போட்டுவிட்டு நகர்ந்தாள்.

அப்போது வாசலில் ஆட்டோ வந்து நின்றது. ஆவுடையம்மாள். மகள் வாழ்ந்த வீட்டின் படியை ஒருநாளும் மிதிக்காதவள். கோடிச் சேலையோடு அண்ணன் பின்னால் வர, பந்தலில் இருந்தவர்கள் வழிவிட, யாரையும் பார்க்காமல் நேராக உள்ளே வந்தாள். மீன் தின்கிறவன் வீடு என்று தயங்கவில்லை, காலை எங்கே வைப்பது என்றும் பார்க்கவில்லை. வந்த வேகத்தில் மகளின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"ஒன்ன வாசல்ல உக்கார வச்சிட்டேனே மக்கா. பாவி நான் உக்கார வச்சிட்டேனே."

அப்போதுதான் சண்முகசுந்தரிக்கு அழுகை உடைத்துக்கொண்டு வந்தது. அவனுக்காகவா, அவன் செய்ததற்காகவா என்று அவளுக்கே தெரியவில்லை. அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்து, உடம்பு குலுங்க அழுதாள். அம்மா இன்னும் இறுக்கிக்கொண்டு, என்னைப் பிடித்துக்கொள்ளடி, பிடித்துக்கொள் என்று காதுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

சண்முகசுந்தரியின் கைகள் இரண்டும், அம்மாவின் சேலையில் பட்டுவிடாமல், விரல்கள் விரிந்தபடி தள்ளியே நின்றன.