பிரித்துத் தைத்த ஆண்டு

கத்தரிக்கோலின் முனையால் ஆறு என்ற இலக்கத்தின் முதல் தையலைத் தூக்கி வெட்டினேன். காலை பத்து மணி. கணவர் அல்பேர்ட் சட்டைத் தொழிற்சாலையில், மகள் மெலனி பள்ளிக்கூடத்தில். பீலெஃபெல்டில் மூன்றாம் மாடிச் சமையலறையில் நான் தனியாக, என் சொந்தக் கைவேலையை நானே களவெடுப்பவள் போலக் குனிந்திருந்தேன்.

யாழ்ப்பாணத்துக் கன்னியர்மடப் பள்ளிக்கூடத்தில் சின்ன வயதில் தைத்த துணி அது. சிவப்பு நூலில், பெருக்கல் குறி போலப் புள்ளடித் தையல். ஆங்கில எழுத்துக்கள், இலக்கங்கள், ஒரு கோயில், இரண்டு கிளிகள். அதில் ஒரு கிளி கோழி போலத்தான் இருக்கும், கோழிக்குக் கோபம் வராவிட்டால் சரி. எல்லாவற்றுக்கும் கீழே என் பெயர் கொறற்றி, வயது பத்து, ஆண்டு 1967. அந்த ஆண்டுதான் என் கழுத்தில் கத்தி வைத்தது.

எண்பத்தைந்தில் ஜெர்மனியிலிருந்த அல்பேர்ட்டுக்கு என்னைக் கல்யாணம் பேசினார்கள். மாப்பிள்ளை பிறந்தது ஐம்பத்தொன்பதில், நான் ஐம்பத்தேழில். பொம்பிளை மூத்தவள் என்றால் மாப்பிள்ளையின் தாய் படத்தைக்கூடத் திருப்பிப் பார்க்க மாட்டார் என்று, கல்யாணம் பேசிய ஜேசுரட்ணம் மாமா என் வயதில் நாலைக் கழித்துவிட்டார். பயண ஏஜென்சிக்காரர் செய்த பாஸ்போர்ட்டும் அதற்கு ஏற்றபடி வந்தது. கோயிலின் ஞானஸ்நானப் பதிவேடு ஷெல்லடியில் எரிந்தது எங்களுக்கு வசதியாகப் போயிற்று என்று நினைத்தால் பாவம், ஆனால் நினைத்தேன். பத்து வருடமாக அல்பேர்ட் என்னை, "நீ சின்னப்பிள்ளை, உனக்கு விளங்காது" என்று செல்லம் பொழிவார். எனக்கு விளங்கும் என்று சொல்ல வாய் உன்னும். அடுப்பைப் பார்க்கப் போய்விடுவேன்.

வினையை விலைக்கு வாங்கியதும் நான்தான். மெலனியின் வகுப்பில் ஆசிரியை ஹென்னிங், இருநூறு வருடங்களுக்கு முன் அமெரிக்காவில் பள்ளிக்கூடச் சிறுமிகள் தைத்த துணிகளைப் படமாகக் காட்டியிருக்கிறார். எழுத்துக்கள், வீடு, மரம், பறவை, கீழே பெயரும் வயதும் ஆண்டும். மெலனி வந்து சொன்னதும், "இது என்ன பெரிய விஷயம், நானும் தைச்சனான்" என்று பெருமை அடித்தேன். அவள் விடுவாளா? கொழும்பிலிருக்கும் என் அக்கா பிறேமாவுக்கு உடனே கடிதம் போட்டாள். அக்கா அத்தனை இடப்பெயர்விலும் அந்தத் துணியைக் காப்பாற்றி வைத்திருந்தாளாம். பார்சலைப் பிரித்த மெலனிக்குக் கிளிகள்தான் கண்ணில் பட்டன, இலக்கம் படவில்லை. பள்ளிக்கூடத்துக் கண்காட்சிக்கு என்று அடுத்த நாளே ஆசிரியையிடம் சொல்லியும் விட்டாள்.

"அம்மா, அந்த அமெரிக்கப் பிள்ளையள் பெரிய ஆக்களானாப்பிறகு வயசை மறைக்க ஆண்டுத் தையலைப் பிரிச்சவையாம்" என்று சாப்பாட்டுக்கு இடையில் ஒரு நாள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. முன்பின் தெரியாத அந்தப் பெண்கள் எல்லோரும் என் சொந்தக்காரர்களாகத் தெரிந்தார்கள்.

ஆறையும் ஏழையும் பிரித்தேன். ஏழையும் ஒன்றையும் தைத்தேன். 1971. புது நூல் கொஞ்சம் கூடச் சிவப்பு. தேயிலைத் தண்ணீரில் தொட்டு மங்கவைத்தேன். கன்னியர்மடத்து மதர் பார்த்திருந்தால் தையலைப் பாராட்டிவிட்டு முழங்காலில் நிற்க வைத்திருப்பார்.

சனிக்கிழமை கண்காட்சி. ஆசிரியை ஹென்னிங் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். துணியைச் சுவரில் மாட்டப் போனவர், ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார். ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தவரின் முகம் மலர்ந்தது. எல்லோரும் வாருங்கள், பழைய ஊசித் துளைகள் அப்படியே இருக்கின்றன, அமெரிக்கப் பெண்கள் செய்தது போலவே இங்கேயும் ஒருவர் ஆண்டை மாற்றியிருக்கிறார் என்றார். துளைகளை விரலால் தொட்டு, ஆறு, ஏழு என்று ஜெர்மனில் உரக்க வாசித்தார். பாவம், அவருக்கு அது ஒரு பொக்கிஷம். பெற்றோர் சிரித்தார்கள், நல்ல சிரிப்புத்தான். துணியை மாட்டியதும் அல்பேர்ட் பக்கத்தில் வந்து அதன் மறுபக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். நாள் முழுக்கத் துணியோடு வேலை செய்கிற மனிதர், அவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. திரும்பச் சுவரோடு சரிசெய்து விட்டார். எனக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போலிருந்தது.

ட்ராம் தரிப்பிடத்தில் மெலனி தன் சிநேகிதியோடு தள்ளி நின்றாள்.

"அறுபத்தேழோ?" என்றார் அல்பேர்ட்.

"ஓம்."

"அப்ப என்னைவிட ரெண்டு வயசு கூட."

"ஓம்."

"பத்து வருஷம், கொறற்றி. ஒரு நாளும் சொல்ல வேணும் போல இருக்கேல்லையோ?"

"இருந்தது. முதல்ல மாமி என்ன சொல்லுவாவோ எண்டு பயம். பிறகு நீங்கள் விட்டிட்டுப் போயிடுவியளோ எண்டு பயம். உங்களை விட்டிட்டு எனக்கு இருக்க ஏலாது."

அவர் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். கோபமா, கவலையா என்று பிடிபடவில்லை. ட்ராம் வந்தது, உள்ளே நெருக்கமான சனம். மெலனி ஏறி ஒரு கம்பியைப் பிடித்துக்கொண்டாள். ஓரத்தில் இருந்த ஒரே வெறும் இருக்கையை அல்பேர்ட் கையால் மறித்தார். என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"அக்கா, நீங்கள் இருங்கோ."

சத்தமாகத்தான் சொன்னார். முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

"ஏனப்பா அம்மாவை அக்கா எண்டுறியள்?" என்றாள் மெலனி.

"மூத்த ஆக்களுக்கு மரியாதை குடுக்க வேணும்" என்றுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார். அவர் தோள் லேசாகக் குலுங்கியது. சிரிப்பா, வேறு ஏதுமா என்று பின்னாலிருந்து எனக்குத் தெரியவில்லை. அழுகையும் சிரிப்பும் முட்டிக்கொண்டு வர, அவர் மறித்துத் தந்த இருக்கையில் உட்கார்ந்தேன்.

அடுத்த தரிப்பில் பக்கத்து இருக்கைக்காரர் இறங்கினார். அல்பேர்ட் திரும்பவில்லை. புதிதாக ஏறியவர்கள் என்னை நோக்கி வந்தார்கள். நான் அந்த வெறும் இருக்கையில் உள்ளங்கையை விரித்து வைத்தேன். ட்ராம் புறப்பட்டது. கையை எடுக்கவில்லை.