நிலவில் அடித்த மணி

ஈஸ்டருக்கு முந்தைய சனிக்கிழமை காலை, சுண்ணாம்பு டப்பாவும் பிரஷ்ஷும் வைத்த பையோடு அம்மா வேனருகே வந்து நின்றதும் டென்சில் கண்ணாடி துடைப்பதை நிறுத்தினான்.

"சபை பஸ் ரிப்பேராம். நீ ஹெப்ரோன் வழியாத்தான போற? ஒரு சீட்டு காலின்னு நேத்து சொன்னியே."

"அம்மா, இது ஒயின் டூர்மா. நின்னு நின்னு போகும். உங்களுக்கு ஒத்து வராது."

"நான் குடிக்கவா வர்றேன்? கல்லறைக்கு வெள்ளையடிக்க வர்றேன். கதவத் தொற."

அவன் கதவைத் திறந்தான். அவன் அம்மா அலெட்டா சொல்லி மறுத்தவர்கள் அந்த ஊரில் அதிகம் இல்லை. முப்பது வருடம் அரசு ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்தவள். டாக்டர்களே அவளைக் கண்டால் சட்டைப் பொத்தானைச் சரி பார்த்துக்கொள்வார்கள். அவள் வீட்டு வாசலை ஒயின் பாட்டில் தாண்டியதில்லை. மகன் ஒயின் டூர் நடத்திப் பிழைப்பதை அவள் தடுக்கவில்லை. அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதும் இல்லை. எழுபது வயதிலும் முதுகு சீட்டில் சாயாமல், தொப்பியை நேராக வைத்து, முன்சீட்டில் அமர்ந்தாள்.

டென்சில் தயங்கியதற்குக் காரணம் கீவிட்ஸ்டால் திராட்சைத் தோட்டத்தில் அவன் சொல்லும் கதை. குடிகார ஹென்னி நடுராத்திரியில் மணியடித்த கதை. ஆறு வருடமாகச் சொல்கிறான். சிரிக்காத விருந்தாளி கிடையாது. போன வருடம் தோட்டத்து முதலாளி அந்தக் கதையை வைத்தே ஒரு புது ஒயினுக்கு 'நிலா மணி' என்று பெயரிட்டு, பாட்டிலில் படமும் போட்டுவிட்டார். அந்த ஹென்னி, ஹென்ட்ரிக் மால்காஸ், அலெட்டாவின் அப்பா என்பது தோட்டத்தில் யாருக்கும் தெரியாது. டென்சிலுக்குத் தெரியும். அவன் அதைப் பழைய பண்ணையாட்களிடம் கேட்டு வைத்துக்கொண்டான். அம்மா பண்ணையைப் பற்றி எதுவும் பேசுவதில்லை. இந்தப் பள்ளத்தாக்கில் குடிகாரத் தாத்தா இல்லாத வீடு எது என்று அவன் தனக்குச் சமாதானம் சொல்லிக்கொள்வான். இந்த மாதிரிச் சமாதானம் சொல்லிக்கொள்கிறவனோடு நின்றுவிடும். பெற்றவள் முன்னால் செல்லாது.

இன்றைக்கு ஒரு நாள் கதையை விட்டுவிடலாம். அம்மாவை ஓக் மரத்தடியில் வேனிலேயே உட்கார வைக்கலாம். அப்படித்தான் அவன் கணக்குப் போட்டான்.

அந்தக் கணக்கை லெசெடி ஏறும்போதே கெடுத்தாள். ஜோஹன்னஸ்பர்க்கில் வங்கி வேலை பார்ப்பவள். பிறந்த நாளுக்காக மூன்று தோழிகளோடு வந்திருந்தாள்.

"டென்சில்! என்னை ஞாபகம் இருக்கா? போன வருஷம் அந்த மணி கதைய சொல்லி வயிறு வலிக்க வெச்சீங்களே! இவளுங்க நம்பவே மாட்டேங்குறாளுங்க. அதுக்காகவே கூட்டிட்டு வந்தேன்."

"அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம், மேடம்."

முன்சீட்டிலிருந்து திரும்பாமலே அலெட்டா கேட்டாள். "என்ன மணி?"

"ஒரு ஒயின் பேரும்மா."

"ஒயினுக்கு மணின்னு பேரா? குடிச்சவன எழுப்புறதுக்கா?"

பின்சீட்டில் தோழிகள் சிரித்தார்கள். கடைசி வரிசையில் இருந்த வயதான டச்சுத் தம்பதியும் என்னவென்று புரியாமல் சேர்ந்து சிரித்தார்கள்.

முதலில் பிரெஞ்சு அகதிகள் கட்டிய பழைய தேவாலயம். அங்கே ஒன்றும் நடக்கவில்லை. அம்மா பிரசங்க மேடையைத் தடவிப் பார்த்து, "தூசி," என்று மட்டும் சொன்னாள். மலை வெயிலில் நீலமாக நின்றது. அறுவடை முடிந்த கொடிகளில் இலைகள் பழுக்கத் தொடங்கியிருந்தன.

கீவிட்ஸ்டாலில் வேன் நின்றதும் டென்சில் குரலைத் தாழ்த்தினான். "அம்மா, நீங்க இங்கயே நிழல்ல இருங்க. அரை மணி நேரந்தான்."

ஆனால் ஒயின் ருசி பார்க்கும் அறையைப் பார்த்துக்கொள்ளும் மார்லீஸ் படியிறங்கி வந்துவிட்டாள். "ஐயோ, டானி, இந்த வெயில்ல வேனுக்குள்ளயா? டென்சில், பெரியவங்கள இப்படித்தான் உக்கார வெப்பியா? வாங்க டானி, திராட்சைச் சாறு இருக்கு, போதையே கிடையாது." டானி என்றால் அந்தப் பக்கத்தில் அத்தை முறை. எந்தப் பெரியவளையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அன்பாகக் கூப்பிடுகிறவளுக்கு முகத்தில் அடித்தாற்போல் பதில் சொல்ல அலெட்டாவுக்கு வளர்ப்பு இடம் தரவில்லை. இறங்கினாள்.

முற்றத்தின் நடுவே, வெள்ளையடித்த இரண்டு தூண்களுக்கு இடையில், அந்த மணி தொங்கியது. அடிமைகள் காலத்து மணி. அவள் அதைப் பார்க்காமல் கடந்து போனாள். ஒரு தடவைகூடத் தலையைத் திருப்பாததை டென்சில் கவனித்தான்.

வெள்ளை ஒயின் வந்தது, ரோஜா நிற ஒயின் வந்தது. டென்சில் மண்ணைப் பற்றி, மழையைப் பற்றி, வழக்கத்தைவிட நீட்டிப் பேசினான். பிறகு மார்லீஸ் சிவப்பு ஒயினைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். பாட்டிலின் படத்தில் தொப்பி சரிந்த, மூக்கு சிவந்த ஒரு கிழவன் மணிக்கயிற்றில் குரங்குபோலத் தொங்கிக்கொண்டிருந்தான். மேலே நிலா பல்லைக் காட்டியது.

"இதுதான்!" என்று லெசெடி கைதட்டினாள். "சொல்லுங்க, சொல்லுங்க!"

"இன்னைக்கு நேரமாச்சு. ஹெப்ரோன்ல வேற..."

"என்ன டென்சில், புதுப்பொண்ணு மாதிரி வெக்கப்படுற?" என்றாள் மார்லீஸ். "இவன் கதை இல்லாம இந்த பாட்டில் விக்கவே விக்காது. நீ சொல்லலன்னா நான் சொல்றேன். நான் சொன்னா நல்லா இருக்காது, பாத்துக்கோ."

அம்மா பாட்டிலைக் கையில் எடுத்து, கண்ணாடியை மூக்கில் ஏற்றி, படத்தைப் பார்த்தாள். பிறகு அதை வைத்துவிட்டு மகனைப் பார்த்தாள். "சொல்லு. விருந்தாளிங்க கேக்குறாங்கல்ல?"

மறுக்க அவனுக்கு அந்தக் கணம் இருந்தது. 'இது சொல்லக்கூடிய கதையில்லை' என்று ஒரே வார்த்தையில் முடித்திருக்கலாம். ஆறு வருடப் பழக்கம் நாக்கில் உட்கார்ந்திருந்தது. அவன் சொல்லத் தொடங்கினான்.

அறுபத்தொன்றாம் வருட அறுவடை. அந்தக் காலத்தில் பண்ணையாட்களுக்குக் கூலியில் ஒரு பங்கு ஒயினாகவே கிடைக்கும். மணியடிக்க மணியடிக்க வரிசையில் நின்று தகரக் குவளையில் வாங்கிக் குடிப்பார்கள். மணியடிப்பவன் ஹென்னி. ஒரு ராத்திரி முட்டக் குடித்துவிட்டுக் கண் விழித்தவன், முழு நிலவைப் பார்த்துச் சூரியன் என்று நினைத்து மணியை அடி அடியென்று அடித்தான். ஆணும் பெண்ணும் கூடையைத் தூக்கிக்கொண்டு கொடிக்கு ஓடினார்கள். முதலாளி பைஜாமாவோடு வந்து பார்த்தால் பாதி வரிசை வெட்டி முடிந்திருக்கிறது! 'ஹென்னி, உன் புண்ணியத்துல நிலாகூட எனக்கு வேலை செய்யுது' என்று சொல்லி இன்னொரு குவளை ஊற்றிக் கொடுத்தார்.

மெல்லச் சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்திருந்தான். ஆனால் கை தானாகவே கயிற்றை இழுத்துக் காட்டியது, கால் தானாகவே தள்ளாடிக் காட்டியது. அறையே சிரித்தது. டச்சுக் கிழவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். லெசெடி ஒரு பாட்டில் வாங்கினாள். பிறகு எல்லோரும் முற்றத்துக்குப் போய் ஆளுக்கொரு தடவை கயிற்றை இழுத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள்.

அலெட்டா வாசற்படியில் நின்றாள். "மணி அடிச்சது போதும்," என்றாள். வார்டில் பேசிய குரல் அது. கயிறு லெசெடியின் கையிலிருந்து தானாக நழுவியது.

வேன் ஹெப்ரோன் பாதையில் போனது. டென்சில் ஒருமுறை, "அம்மா, சும்மா ஒரு தமாஷ்தான்..." என்றான்.

"ரோட்டப் பாத்து ஓட்டு."

ஹெப்ரோன் பழைய மிஷன் கிராமம். ஓலைக்கூரைத் தேவாலயத்தின் பின்னால் சரிவில் கல்லறைத் தோட்டம். ஈஸ்டர் விடியலில் சபையார் அங்கேதான் கூடிப் பாடுவார்கள். அதற்கு முந்தைய நாள் ஒவ்வொரு கல்லுக்கும் வெள்ளையடிப்பார்கள். அன்றும் பத்துப் பதினைந்து பேர் முழங்கால் போட்டுக்கொண்டிருந்தார்கள். டென்சிலுக்கு ஈஸ்டர் சனிக்கிழமை எப்போதுமே ஓட்டமான நாள். அம்மாவோடு அவன் ஒரு வருடமும் வெள்ளையடிக்க வந்ததில்லை.

அம்மா பையோடு ஆண்கள் பக்கம் போனாள். அவன் விருந்தாளிகளை நிறுத்தி, வாரா வாரம் சொல்வதைச் சொன்னான்.

"இங்க குடும்பக் கல்லறைன்னு ஒண்ணு கிடையாது. புருஷன் பக்கத்துல பொண்டாட்டி கிடையாது. அப்பா பக்கத்துல பிள்ளை கிடையாது. ஆம்பளைங்க ஒரு பக்கம், பொம்பளைங்க ஒரு பக்கம், குழந்தைங்க தனி வரிசை. செத்த வரிசைப்படி அடக்கம் பண்ணுவாங்க. சாவுல எல்லாரும் சமம்னு அர்த்தம். அங்க பாருங்க, அது குழந்தைங்க வரிசை..."

கை காட்டிய இடத்தில் அம்மா இருந்தாள்.

தாத்தாவின் கல்லை முடித்துவிட்டு, தொப்பியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்து, குழந்தைகள் வரிசையில் ஒரு சிறிய கல்லின் முன் முழங்காலிட்டிருந்தாள். டென்சில் விருந்தாளிகளை விட்டுவிட்டு அருகே போனான். ஆறு வருடமாக அவன் நின்று பேசும் இடம் அந்தக் கல்லிலிருந்து கை எட்டும் தூரம். ஈரச் சுண்ணாம்புக்கு நடுவே எழுத்துகள் கறுப்பாகத் தெரிந்தன. ஹெலேனா மால்காஸ். பிறப்பு 1957. இறப்பு பிப்ரவரி 1961.

"இது யாரும்மா?"

"லேனி. என் தங்கச்சி."

"உங்களுக்குத் தங்கச்சியா? சொல்லவே இல்லையே நீங்க."

"செத்த குழந்தையச் சொல்லி ஊர்ல பரிதாபம் வாங்குற குடும்பம் இல்ல நம்மது." அவள் பிரஷ்ஷை டப்பா விளிம்பில் வழித்தாள். "அறுவடை நேரம். தொண்டை அடைச்சிருச்சு அவளுக்கு. மூச்சு விசில் மாதிரி வந்துச்சு. எனக்கு ஒம்பது வயசு, நான்தான் மடியில வெச்சிருந்தேன். ஆஸ்பத்திரிக்குப் போகணும்னா பண்ணையில ஒரே ஒரு கார். முதலாளி கார். அந்த வீட்டு வாசலுக்குப் போனா நாய் அவுத்து விட்டிருக்கும். அப்பா யோசிச்சாரு. அவரு கையில இருந்தது அந்தக் கயிறு ஒண்ணுதான்."

டென்சில் குனிந்து அந்தக் கல்லைத் தொட்டான்.

"முதலாளி எழுந்து வரட்டும்னு அடிச்சாரு. மணி அடிச்சா வேலைன்னுதானே எல்லாருக்கும் தெரியும்? கூடையத் தூக்கிட்டுக் கொடிக்கு ஓடுனாங்க. ஏன்னு ஒருத்தர் கேக்கல. முதலாளி வந்தாரு. அப்பா வாய் நாறுச்சு. ஆமா, குடிச்சிருந்தாரு, இல்லேன்னு நான் சொல்ல மாட்டேன். அவங்கதான ஊத்துனாங்க, காலையிலருந்து. 'பிள்ளை, பிள்ளை'ன்னு அப்பா கத்துனாரு. குடிகாரன் உளர்றான்னு சிரிச்சாங்க. ஒரு குவளை குடுத்துத் தூங்கச் சொன்னாங்க."

"அந்தக் குவளைய..."

"குடிச்சாரு." அவள் முகம் அசையவில்லை. "விடியறப்ப லேனி போயிட்டா. அவள இங்க தூக்கிட்டு வந்தவரு அதுக்கப்புறம் கயிறத் தொடல. சிரிப்பு மட்டும் நிக்கல. கடையில, வண்டியில, எங்க போனாலும் 'ஹென்னி, நிலா வந்தாச்சா?' அத அவரு சாகுற வரைக்கும் கேட்டாரு. நான் இன்னைக்குக் கேட்டேன், என் வயித்துல பிறந்தவன் வாயால."

டென்சில் மன்னிப்புக் கேட்க நினைத்தான். அந்த வார்த்தை அந்தக் கல்லின் முன்னால் மிகச் சிறியதாகத் தோன்றியது.

விருந்தாளிகள் தயங்கித் தயங்கி அருகே வந்துவிட்டார்கள். "ஏதாவது பிரச்சினையா?" என்று லெசெடி கேட்டாள்.

"பிரச்சினை ஒண்ணும் இல்லம்மா," என்றாள் அலெட்டா எழுந்துகொண்டே. "இந்தக் கல்லப் பத்தி கைடு சொல்லுவான். அங்க ஆடிக் காட்டுனான்ல? இங்க நின்னு சொல்லட்டும்."

அவன் சொன்னான். கை ஆடவில்லை. பல இடத்தில் தடுக்கினான். ஹென்னி என் தாத்தா என்பதைக் கல்லைப் பார்த்துக்கொண்டே சொன்னான். டச்சுக் கிழவரின் மனைவி கணவரின் கையைப் பிடித்துக்கொண்டாள். "மூணு வயசு," என்று சொன்னபோது, "நாலாகப் போகுது," என்று அம்மா திருத்தினாள்.

லெசெடி பையிலிருந்து பாட்டிலை எடுத்தாள். அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். "டானி, எனக்குத் தெரியாது... இத நான் உடைச்சிடவா?"

"எதுக்கு? கல்லறையில கண்ணாடி குத்தவா? நீ காசு குடுத்து வாங்குனது, கொண்டு போ. உன்மேல எனக்கு வருத்தம் இல்ல." அலெட்டா தொப்பியை எடுத்து நேராக வைத்துக்கொண்டாள். மகனிடம் திரும்பினாள். "எங்கப்பாவ அவங்களுக்கு நீ குடுத்த. நீயே போய் வாங்கிட்டு வா."

"எப்படிம்மா? ஆயிரக்கணக்குல லேபிள் அச்சடிச்சுட்டாங்க. விடமாட்டாங்க. என் வேலையே அவங்களாலதான்..."

"குடுக்கும்போது எப்படின்னு கேட்டியா?"

திரும்பும் வழியில் கீவிட்ஸ்டால் வாசல் தெரிந்ததும் அம்மா, "நிறுத்து," என்றாள். அவன் நிறுத்தினான். லெசெடி மெல்ல, "நாங்க காத்திருக்கோம், டென்சில். அவசரம் இல்ல," என்றாள்.

இரண்டு பக்கமும் ஓக் மரங்கள் நின்ற பாதையில் அவன் நடந்தான். வெள்ளையடிக்கவே இல்லை, ஆனாலும் அந்தக் கல்லைத் தொட்டதில் விரல்களில் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது. கால்சட்டையில் துடைக்கப் போய், துடைக்காமல் விட்டான். முற்றத்தில் வேறொரு கூட்டம் இறங்கியிருந்தது. யாரோ கயிற்றை இழுத்தார்கள். மணி ஒலித்தது. அதைத் தொடர்ந்து சிரிப்பு கேட்டது.

அவன் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். வேனின் முன்சீட்டில் அம்மா முதுகு சாயாமல் உட்கார்ந்திருந்தாள். அவனைப் பார்க்கவில்லை. எதிரே சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மணி மறுபடியும் ஒலித்தது. டென்சில் படியேறினான். மார்லீஸ் சிரித்த முகத்தோடு வெளியே வந்தாள். "என்ன, எதையாவது மறந்துட்டியா?"

"ஆமா," என்றான் அவன். "முதலாளி இருக்காரா?"